தகப்பன் இருக்க அநாதையான பொதி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் அதை விட்டேன் என்று சொன்னாலும் பிழையில்லை. வெட்கப்பட்டு இதை எழுதவில்லை. வாவிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் பட்டம் எடுத்தவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். ஆனால் உலகம் முழுக்க ஆட்கள் இறக்கிப் பாவிக்கிற ஒரு லினக்ஸ் இயங்குதளத்தின் களஞ்சியத்தில் ‘பராமரிப்பாளர்’ என்ற சொல்லுக்கு நேரே தன் பெயரைப் போட்டு வைத்திருந்த ஆள், எனக்குத் தெரிந்து, இந்தப் பகுதியில் நான் ஒருவன்தான். இன்றைக்கு அந்த இடத்தில் என் மனைவியின் தம்பியின் பெயர் கிடக்கிறது. அது அங்கே எப்படிப் போனது என்பதை ஆறுதலாக எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆறுதல்தான் வரவில்லை.

நான் பிறந்தது கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில். வயல்காரர் வீடு. வயலுக்குப் போகாமல் பழுதான வானொலிகளைக் கழற்றிக்கொண்டிருந்ததால் என்னை உருப்படாதவன் என்றார்கள். பிறகு அவர்களே வானொலியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்கள். வானொலிக்குப் பிறகு தொலைக்காட்சி, அதற்குப் பிறகு கணினி. எவரிடமும் போய்ப் படிக்கவில்லை. கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி மனைவி வீட்டுக்கு, எதிர்க்கரையில் இருக்கிற செட்டிபாளையத்துக்கு வந்தேன். வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. பிரதான வீதியோரம் இருக்கிற கடை மட்டும் நான் என் கையால் உண்டாக்கியது.

கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளை வாங்கி, திருத்தி, லினக்ஸ் போட்டு விற்றேன். அரிசி ஆலைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் தமிழில் பில் போடுகிற நிரல் ஒன்றை நானே எழுதினேன். அந்த நிரல் திரையில் தெரிவதற்கு ஜன்னல் வேண்டும், பொத்தான் வேண்டும், எழுத்து அடிக்கிற பெட்டி வேண்டும். இவற்றையெல்லாம் வரைந்து தருகிற கருவித்தொகுதி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதை வைத்து ஒருமுறை எழுதினால் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். சிறியது, வேகமானது, பழைய கணினியிலும் இழுபடாது. ஒரு குறைதான் இருந்தது. நான் பாவித்த லினக்ஸில் அதற்கு ஆளில்லை.

ஆளில்லை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். கருவித்தொகுதியை எழுதுகிறவர் வெளிநாட்டில் எங்கோ இருக்கிறார். அவர் தருவது மூலநிரல். அது நெல் மாதிரி, அப்படியே சமைக்க முடியாது. அதை அவித்து, குத்தி, கல் பொறுக்கி, மூட்டை கட்டிக் களஞ்சியத்தில் வைக்க ஒருவர் வேண்டும். எழுதினவர் பிறர் எழுதின நிரல் நூலகங்களின் பிரதிகளையும் உள்ளே திணித்துத்தான் அனுப்புவார். அவற்றைக் களைந்துவிட்டு, கணினியில் ஏற்கெனவே இருக்கிறதைப் பாவிக்கும்படி செய்ய வேண்டும். ஓடுவதற்கு ஒரு பொதி, நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பொதி, கையேட்டுக்கு ஒரு பொதி என்று பிரிக்க வேண்டும். இந்த வேலையைப் பொறுப்பெடுத்தவர்தான் பராமரிப்பாளர். அப்படி ஒருவர் இல்லாத பொதியை அங்கே அநாதை என்று எழுதிப் போடுவார்கள். இது நான் சோடித்துச் சொல்வதல்ல, அவர்கள் வைத்திருக்கிற சொல்லே அதுதான்.

அநாதை என்று கிடந்ததை நான் எடுத்தேன், வளர்த்தேன்.

எடுத்ததும் செய்த முதல் வேலை தமிழுக்கு. அந்த எழுத்துப் பெட்டியில் கொம்பு வைத்த எழுத்தை அடித்தால், திரையில் துடிக்கிற காட்டி நடுவில் புகுந்து எழுத்தைப் பிளந்துவிடும். அழித்தால் கொம்பு தனியே நிற்கும், பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். சோதிப்பதற்கு என் ஊர்ப் பெயரைத்தான் எப்போதும் அடிப்பேன். கொக்கட்டிச்சோலை என்று பிழையில்லாமல் வந்தால் தமிழில் எல்லாம் வரும். அதற்கு ஒரு திருத்தம் எழுதி, ஒட்டுப் போடுவதைப்போல அந்தப் பொதியில் சேர்த்தேன். எழுதினவர் தன் மூலநிரலில் அதைச் சேர்க்கவில்லை. பரவாயில்லை, என் பொதியில் அது இருந்தது. புதிதாக ஒரு கடைக்குக் கணினி கொடுக்கும்போது, ஒரு கட்டளை அடித்து அந்தப் பொதியின் விபரத்தை வரவழைத்து, திரையைக் கடைக்காரர் பக்கம் திருப்புவேன். ‘பராமரிப்பாளர்’ என்ற வரியில் விரலை வைப்பேன். அவர் என் பெயரைத் தானே வாசிக்கும்வரை விரலை எடுக்கமாட்டேன். உழைத்தவன் காட்டத்தான் செய்வான்.

மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கட்டாரில் ஒரு பெரிய பொருட்களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வேலை முடிந்து ஊருக்கு வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கடைக்கு வந்தார், என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தேன். அவருடைய இங்கிலீசு நல்லது. என்னுடையது கையேடுகளைப் பார்த்துப் பொறுக்கின இங்கிலீசு. நான் எழுதுகிற மின்னஞ்சல்களை அவர் துடைத்துத் தருவார். பிறகு பொதி கட்டவும் பழகினார். ஒருநாள் தானும் அந்தக் குழுவில் சேர ஆசை என்றார்.

அதில் சேருவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒருவர், புதியவரை நேருக்கு நேர் கண்டு, அடையாள அட்டையைப் பார்த்து, இணையத்தில் அவரை அடையாளம் காட்டுகிற மின்சாவியில் தன் சாவியால் கையெழுத்து வைக்க வேண்டும். இந்த ஆள் இன்னார்தான், நான் கண்ணால் கண்டேன் என்று அதற்குப் பொருள்.

வீட்டு விறாந்தையில் வைத்துத்தான் அது நடந்தது.

“அடையாள அட்டைய எடு மச்சான்,” என்றேன்.

“என்ன அத்தான், என்னை ஆரெண்டு தெரியாதா? அக்காட கலியாணத்தில உங்களுக்குத் தோழனா நிண்டவன் நான்.”

“நிண்டது எனக்குத் தெரியும். அங்க இரிக்கிறவங்களுக்குத் தெரியாதே. அட்டைய எடு.”

தேத்தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி சிரித்துவிட்டாள். “என்ட தம்பிய என்ன செக்பொயின்ற்றில மறிச்ச மாதிரி மறிச்சு வெச்சிரிக்கீங்க?”

“முகத்தக் கொஞ்சம் நிமித்து மச்சான், படத்தில இரிக்கிற ஆள் இன்னும் அழகு,” என்றேன்.

அவர் நிமிர்த்தினார். பார்த்தேன். அதே ஆள்தான். கையெழுத்து வைத்தேன். அவர் உள்ளே வந்தது என் கையெழுத்தில். இதை வாசிப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

அதன்பிறகு சில வருடங்கள் ஒரு பிசகும் இல்லை. பிறகு ஒருநாள், பொதிக்காரர்கள் எல்லோரும் வாசிக்கிற மடல் குழுவில் யாரோ ஒருவர் என் பொதியைப் பற்றி எழுதினார். புதிய பதிப்பு வந்து கனகாலமாகக் கிடக்கிறது, இந்தத் தமிழ் ஒட்டுத்தான் அதை மறித்துக்கொண்டு நிற்கிறது போலத் தெரிகிறது என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். இந்தப் பொதியை யாராவது பாவிக்கிறார்களா?

காத்தான்குடித் துணிக்கடைகளிலிருந்து கொக்கட்டிச்சோலை ஆலைகள் வரைக்கும் அதில்தான் பில் அடிக்கிறார்கள். யாராவது பாவிக்கிறார்களா என்று என்னைக் கேட்கிறார். என்னைக்கூட அல்ல, எல்லோரையும் கேட்கிறார், நான் அந்த இடத்தில் இல்லாததுபோல.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. கோயில் திருவிழா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு, தாய்வழிக் குலத்துக்கு, உரியது. ஒரு குடிக்காரரை யாராவது மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டால், அவர்கள் திருப்பிப் பேசமாட்டார்கள். வீட்டில் இருந்துவிடுவார்கள். அவர்களுடைய நாளில் கோயிலில் விளக்கு எரியும், மேளம் அடிபடாமல் நிற்கும், சாமி காத்திருக்கும். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் வெற்றிலைத் தட்டோடு வீட்டுப் படியேறி வந்து, “வாங்க, நீங்க இல்லாம நடக்காது,” என்று அழைக்க வேண்டும். வந்தே தீருவார். வராமல் இருந்ததை நான் கண்டதில்லை. பேசாமல் இருப்பது எங்களிடம் பேச்சைவிடப் பெரிய பேச்சு.

“நான் பதில் போடப்போறதில்ல மச்சான்,” என்றேன். “அவங்களே வந்து கேக்கட்டும்.”

“ஓம் அத்தான். கேக்கட்டும்,” என்றார் அவர்.

இந்த ‘ஓம்’ இன்னும் என் காதில் கிடக்கிறது.

மடல் குழுவின் பக்கமே நான் போகவில்லை. வருகிற மின்னஞ்சலைத் திறக்கவில்லை. கடைக்கு வந்தேன், கணினி திருத்தினேன், வெயில் ஏறுகிற நேரத்தில் மச்சானும் நானும் தேத்தண்ணீர் குடித்தோம். இறால் விலையைப் பற்றி, வாவியில் தண்ணீர் உப்பேறுவதைப் பற்றி, மகள்மாரைப் பற்றி எல்லாம் அவர் பேசினார். பொதியைப் பற்றி மட்டும் பேச்சு எடுக்கவில்லை. என் மனம் நோகும் என்று எடுக்கவில்லை என நினைத்தேன். நல்ல மனிசன் என்றுகூட என் மனைவியிடம் சொன்னேன்.

ஒருநாள் முற்பகல் காத்தான்குடியிலிருந்து ஹாஜியார் அழைத்தார். துணிக்கடை வைத்திருக்கிறவர், என் பழைய வாடிக்கையாளர். கணினி தானாகப் புதுப்பித்துக்கொண்ட பிறகு பில்லில் எழுத்து உடைகிறது என்றார். போனேன். கலியாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் கடை நிறைய நின்றது. ஹாஜியார் பில்லை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“உங்கட ஊரையே உங்கட மெசின் கடிச்சுத் துப்பியிரிக்கி, பாருங்க அண்ணன்.”

பார்த்தேன். கொக்கட்டிச்சோலை என்று இருக்கவேண்டிய இடத்தில் கொம்புகள் ஒரு பக்கம், எழுத்துகள் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டங்கள். புடவை எடுக்க வந்த அம்மா அந்த ஊர்க்காரி. “எங்கட ஊர எழுதக்கூடத் தெரியாதவங்களா ஐயா கொம்பியூட்டர் செய்றாங்க?” என்று கேட்டா.

“என்ட பொதியில பிழை வராது,” என்றேன். “ஹாஜியார், இஞ்ச பாருங்க.”

பழக்கத்தில் கட்டளையை அடித்தேன். பழக்கத்தில் திரையை அவர் பக்கம் திருப்பினேன். பழக்கத்தில் விரலையும் அந்த வரியில் வைத்தேன். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

“அண்ணன், இதில உங்கட பேர் இல்லையே.”

“வடிவாப் பாருங்க.”

“வடிவாத்தான் பாக்குறன். இது உங்கட மச்சான்ட பேரெல்லோ?”

என் விரல் அந்த வரியில்தான் இருந்தது. எடுக்கத் தெரியவில்லை. அந்த அம்மாவும் எட்டிப் பார்த்தா, பிள்ளைகளும் பார்த்தார்கள். பொதியில் என்னென்ன மாற்றினார்கள் என்று எழுதிவைக்கிற பகுதியைத் திறந்தேன். மேலே கிடந்தது. புதிய பராமரிப்பாளர் பொறுப்பேற்கிறார். முன்னைய பராமரிப்பாளர் ஆற்றிய சேவைக்கு நன்றி. தமிழ் ஒட்டு புதிய பதிப்போடு பொருந்தாததால் நீக்கப்பட்டது.

ஆற்றிய சேவைக்கு நன்றி. செத்தவீட்டுக்காரர் முப்பத்தோராம் நாள் நன்றி நவிலல் அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பார்களே, அதை எனக்கே ஒருவர் கையில் தந்ததுபோல இருந்தது. ஹாஜியார் நல்ல மனிதர். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “சோடா ஒண்டு குடிங்க அண்ணன், வெயில்,” என்றார். நான் குடிக்கவில்லை.

கடைக்குத் திரும்பியபோது மச்சான் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பேர் எப்ப மாறினது மச்சான்?”

எந்தப் பெயர் என்று கேட்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். “போன மாசம், அத்தான்.”

“என்னட்டச் சொல்லல்ல.”

“அவங்க உங்களுக்கு மெயில் போட்டாங்க. ஒண்டில்ல, கனக்க. இரிக்கீங்களா, இதில இன்னும் விருப்பமா எண்டு கேட்டு. நீங்க வாய் திறக்கல்ல. அங்க வாய் திறக்காட்டி ஆள் இல்ல எண்டுதான் எடுப்பாங்க. அநாதையெண்டு போடப் போனாங்க, ஆளில்லத்தான், நான் எடுக்கிறன் எண்டு எழுதினன். ஆரோ எடுக்கிறதுக்கு நம்மட ஆள் எடுத்தா நல்லந்தானே?”

“அவங்க வந்து கேக்கட்டும் எண்டு நான் சொல்லக்குள்ள, ஓம் அத்தான் கேக்கட்டும் எண்டது உன்ட வாய்தானே? கேட்டுத்தான் மெயில் வந்திரிக்கி. அத்தான், வெத்திலை வந்திட்டுது எண்டு ஒரு சொல் சொன்னாக் காணாதா?”

வீதியில் பஸ் ஒன்று போனது. பிறகு, ஒளிக்காமல் சொன்னார்.

“சொன்னா நீங்க பதில் போட்டிரிப்பீங்க.”

என் மேசைக் கதிரையை இழுத்து இருந்தேன்.

“எவ்வளவு காலம் அத்தான் உங்கட இங்கிலீசக் கழுவிக்கொண்டு இரிக்கிற?” என்றார், இன்னும் தாழ்ந்த குரலில். “எனக்கும் எங்கயாவது ஒரு பேர் வேணாமா?”

வேண்டும்தான். ஆயிரம் அநாதைப் பொதிகள் அங்கே கிடக்கின்றன. ஒன்றை எடுத்து வளர்த்திருக்கலாம், நானே தூக்கிக் கொடுத்திருப்பேன். தகப்பன் பக்கத்து மேசையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, பிள்ளைக்கு ஆளில்லை என்று எழுதிக் கொடுத்து எடுத்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வெளிநாட்டுக்காரன் எங்கள் பேசாமையை விளங்கிக்கொள்ளாதது அவன் பிழை அல்ல. இரண்டு பக்கத்துப் பேசாமையும் விளங்கிய ஒரே ஆள் மச்சான். மச்சானை இதில் அவர், இவர் என்று மரியாதையாக எழுதுவது அச்சுக்காக. மனதுக்குள் அப்படி வருவதில்லை.

இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார், வெற்றிலைத் தட்டோடு. பாக்கு, பழம், எல்லாம் முறையாக. நான் விறாந்தைக் கதிரையில் இருந்தேன். எழும்பவில்லை, தட்டைப் பார்க்கவும் இல்லை. உள்ளிருந்து வந்த என் மனைவி இரண்டு கையாலும் அதை வாங்கினாள்.

“நான் இன்னும் வாங்கல்லயே,” என்றேன்.

“என்ட தம்பி என்ட வீட்டுக்கு வெத்திலையோட வந்திரிக்கான். நான் வாங்காம ஆர் வாங்குற? உங்கட கொம்பியூட்டர்ச் சண்டைய உங்கட கடையில வெச்சிக்கொள்ளுங்க.”

வீடு அவளுடையது. அதற்கு மேல் சொல்ல எனக்கு இடமில்லை. மச்சான் படியில் நின்றபடி, “உங்கட பேர ரெண்டாவதாப் போடுறன் அத்தான், துணைப் பராமரிப்பாளர் எண்டு,” என்றார். அவர் முகத்தில் வெட்கம் இருந்ததா என்று பார்த்தேன். கொஞ்சம் இருந்தது.

“என்ட பிள்ளைக்கு நான் சித்தப்பனா இரிக்க மாட்டன்,” என்றேன்.

அவர் அக்காவோடு சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த வெற்றிலையில் ஒன்றையும் நான் தொடவில்லை.

ஒட்டைப் புதிய பதிப்புக்கு ஏற்றபடி நான் மாற்றி எழுதினேன். எழுத்துப் பெட்டியை முழுக்க மாற்றியிருந்தார்கள், இலேசான வேலை இல்லை. மச்சானால் அது முடியாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஹாஜியார் கடைக்கும் ஆலைகளுக்கும் நேரில் போய்க் கையால் போட்டுக் கொடுத்தேன். களஞ்சியத்துக்கு அனுப்பவில்லை. அநாதையை எடுத்தவர் வளர்க்கட்டும் என்று இருந்தேன்.

அப்படியே இருந்திருப்பேன். ஆனால் அந்தப் பொதியின் முறைப்பாட்டுப் பக்கத்தை ஒருநாள் திறந்து பார்த்தேன். மலேசியாவில் தமிழ் படிப்பிக்கிற ஒரு அம்மா எழுதியிருந்தா. பிள்ளைகளுக்குத் தமிழ் அடிக்கப் பழக்குகிற நிரல் இந்தக் கருவித்தொகுதியில்தான் ஓடுகிறதாம், புதிய பதிப்பில் எழுத்து உடைகிறதாம். போன பதிப்பு வரைக்கும் சரியாக இருந்ததே, அதைச் சரியாக வைத்திருந்தவர் எங்கே என்று கேட்டிருந்தா. என்னை யாரென்றே தெரியாத ஒருவர், என்னைத் தேடி, என்னைக் கேட்டிருந்தா.

அதன் கீழே மச்சானின் பதில் இருந்தது. நல்ல இங்கிலீசு. முன்னைய பராமரிப்பாளர் இப்போது செயற்பாட்டில் இல்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் ஒரு அச்சுப்பொறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் கணினியில், அந்தப் பதிலுக்குக் கீழே, என் இங்கிலீசில், எவரும் துடைக்காத இங்கிலீசில் எழுதினேன். நான் இருக்கிறேன். ஒட்டு இத்தோடு இணைத்திருக்கிறேன். கீழே என் முழுப்பெயர்.

பக்கத்து மேசையில் ஒரு மணி ஒலித்தது. மச்சான் திருப்புளியை வைத்துவிட்டு வாசித்தார். கனநேரம் வாசித்தார். இரண்டு வரிதான் அது. என் பக்கம் திரும்பவில்லை. பின்நேரத்துக்கு முன்னரே ஒட்டைச் சேர்த்து, பொதியைக் கட்டி அனுப்பிவிட்டார். மாற்றங்களின் பகுதியில் நன்றி என்று என் பெயர் ஒரு வரியில் இருக்கிறது. பராமரிப்பாளர் வரியில் இல்லை. அது இனி வராது. மலேசியா அம்மா மட்டும் என் பெயரைச் சொல்லித் தனியாக நன்றி எழுதினா, தமிழில்.

இன்னும் ஒரு வேலை இருந்தது. சாவியில் வைத்த கையெழுத்தைத் திரும்ப எடுக்கவும் ஒரு வழி உண்டு. கட்டளையை அடித்தேன். காரணம் என்ன என்று அது கேட்டது. கனக்கக் காரணம் என்னிடம் இருந்தது. யோசித்துப் பார்த்தேன். இந்த ஆள் நல்லவர் என்று நான் கையெழுத்து வைக்கவில்லை. அடையாள அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, இந்த ஆள் இன்னார்தான் என்று மட்டுமே வைத்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. அவர் யார் என்று அன்றைக்குத் தெரிந்ததைவிட இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

கையெழுத்தை அப்படியே விட்டேன். தேத்தண்ணீரை இப்போது தனித்தனியாகக் குடிக்கிறோம்.